டிவியில் படம் வருகிறது, சத்தம் வரவில்லை: வீட்டில் அசெம்பிள் செய்த கணினிக்கு ஒரு வழிகாட்டி

சென்னை ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாக வாங்கி, நானே வீட்டில் ஒரு கணினியை அசெம்பிள் செய்தேன். தனியாக மானிட்டர் வாங்கவில்லை. ஹாலில் இருந்த 43 அங்குல டிவியே போதும் என்று எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினேன். முதல் முறையே படம் பளிச்சென்று வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அதைச் சரிசெய்ய மூன்று வார இறுதிகள் போயின. வீட்டுக்கு வந்து பார்த்த ஒருவர் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார். டெஸ்க்டாப்பில் இருந்த படங்கள் போனதுதான் மிச்சம், சத்தம் வரவில்லை.

கடைசியில் பார்த்தால் எந்தப் பாகமும் பழுதாகவில்லை. எல்லாமே அமைப்பில் இருந்த கோளாறுகள். எந்த வரிசையில் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும். லினக்ஸ்காரர்களுக்குக் கடைசிக்கு முன்னால் ஒரு பத்தி இருக்கிறது.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலானவர்களுக்கு முதல் அரை மணி நேரத்திலேயே வேலை முடிந்துவிடும். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் உட்காராதீர்கள். அவசரத்தில் ஒரே நேரத்தில் நாலு அமைப்பை மாற்றிவிட்டு, எது வேலை செய்தது என்று தெரியாமல் திண்டாடுவோம்.

கையில் இருக்க வேண்டியவை:

நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த இன்னொரு எச்டிஎம்ஐ கேபிள். செட்டாப் பாக்ஸில் இருப்பதைக் கழற்றிக்கொள்ளலாம். டிவி ரிமோட். கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு, டிவி மூன்றின் மாதிரிப் பெயர்கள், ஒரு தாளில்.

அப்படியே இன்னொன்றும் செய்துவிடுங்கள். மூன்றின் பில்களையும் சீரியல் எண் ஒட்டியுள்ள லேபிள்களையும் போனில் படம் எடுத்து ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். கடை பில்கள் பல வெப்பத்தில் அச்சாகும் தாளில் வருகின்றன. எங்கள் வீட்டு பீரோவில் வைத்த பில் ஆறே மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிட்டது.

ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

2. டிவி நல்ல நிலையில் இருக்கிறதா?

எல்லோரும் கணினியில்தான் தொடங்குவார்கள், நானும் அப்படித்தான். டிவியில் தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் பாதிச் சந்தேகம் தீரும்.

கணினியின் கேபிள் டிவியில் எந்தப் போர்ட்டில் இருக்கிறதோ, அதே போர்ட்டில் செட்டாப் பாக்ஸைச் செருகுங்கள். சேனல் சத்தம் வருகிறதா? வந்தால் டிவியின் ஸ்பீக்கரும் அந்தப் போர்ட்டும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். வரவில்லையென்றால் கணினியைத் தொடவே வேண்டாம், கோளாறு டிவி பக்கம்தான்.

டிவி பக்கம் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, டிவியின் சவுண்ட் மெனுவில் ஒலி எங்கே போகிறது என்ற அமைப்பு. டிவி ஸ்பீக்கர், ஆப்டிகல், எச்டிஎம்ஐ ஏஆர்சி (சவுண்ட்பாருக்கான பாதை), புளூடூத் என்று பட்டியல் இருக்கும். எப்போதோ சவுண்ட்பாரோ புளூடூத் ஹெட்போனோ இணைத்திருந்தால், அதைக் கழற்றிய பிறகும் சில டிவிகள் அங்கேயே ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கும். டிவி ஸ்பீக்கர் என்று மாற்றுங்கள்.

இரண்டாவது, அந்த உள்ளீட்டுக்கு வைத்திருக்கும் பெயர். பல டிவிகளில் எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு நாமே பெயர் வைக்கலாம். அதில் டிவிஐ (பழைய வகைப் பட இணைப்பு) அல்லது டிவிஐ பிசி என்று இருந்தால், சில டிவிகள் படத்தை மட்டும் எச்டிஎம்ஐயில் எடுத்துக்கொண்டு, ஒலி தனி ஆடியோ கம்பியில் வரும் என்று காத்திருக்கும். பெயர்தானே என்று விட்டுவிடாதீர்கள், டிவியின் நடத்தையே அதில் மாறும். போர்ட்டின் பக்கத்திலேயே டிவிஐ என்று அச்சிட்டிருந்தாலும் இதே சிக்கல் வரலாம். வேறு போர்ட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மியூட். சிரிக்க வேண்டாம், பாருங்கள்.

3. கேபிள் எங்கிருந்து எங்கே போகிறது?

கேபினெட்டின் பின்பக்கம் போய் உட்காருங்கள். எச்டிஎம்ஐ துளைகள் இரண்டு இடங்களில் இருக்கலாம். யூஎஸ்பி, நெட்வொர்க் துளைகளோடு சேர்ந்து மேலே இருப்பது மதர்போர்டுடையது. அதற்குக் கீழே தனியாகப் படுக்கைவாட்டில் இருப்பது கிராபிக்ஸ் கார்டுடையது. கார்டு இருக்கும் கணினியில் கேபிள் கார்டில்தான் செருகியிருக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. உங்கள் பிராசசரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருந்தால் மதர்போர்டு துளையிலும் படம் வரும். ஒலியை அனுப்புவது அப்போது கார்டு இல்லை, பிராசசர். ஆனால் நீங்களோ கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். ரைசன் 5 5600 போலவோ, மாதிரி எண் எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் பிராசசர்கள் போலவோ உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாதவை என்றால் மதர்போர்டு துளையில் படமே வராது. அங்கே இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

அடுத்து கேபிளின் வகை. விஜிஏ கேபிளில் ஒலி போகவே போகாது. டிவிஐயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் கேபிளிலும் பெரும்பாலும் போகாது. டிஸ்பிளேபோர்ட்டில் போகும். ஆனால் டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் கேபிள் ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும்: டிஸ்பிளேபோர்ட் முனை கணினியில், எச்டிஎம்ஐ முனை டிவியில். பத்து மீட்டர், பதினைந்து மீட்டர் என்று வரும் ஃபைபர் வகை எச்டிஎம்ஐ கேபிள்களுக்கும் திசை உண்டு. முனைகளில் சோர்ஸ், டிஸ்பிளே என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

கேபிளைச் செருகும் முன் கணினி, டிவி இரண்டையும் அணைத்து, பிளக்கையும் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். காரணத்தை எட்டாவது படியில் சொல்கிறேன். ஐந்து நிமிடம் கழித்து முதலில் டிவியைப் போடுங்கள், உள்ளீட்டைச் சரியாக வையுங்கள், அப்புறம் கணினியைப் போடுங்கள். டிவி தன்னால் என்னென்ன ஒலி வடிவங்களை வாங்க முடியும் என்ற பட்டியலைக் கேபிள் வழியாகவே கணினிக்குச் சொல்கிறது. அந்தப் பட்டியல் கிடைத்தால்தான் விண்டோஸில் டிவியின் பெயர் ஒலிக் கருவியாகத் தோன்றும். கணினி விழித்த பிறகு டிவியைப் போடும் வீடுகளில் சில நாள் சத்தம் வருவதும் சில நாள் வராததும் இதனால்தான்.

4. பச்சைக் கோட்டைப் பாருங்கள்

இந்த ஒரு படியை மட்டும் முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் மூன்று வாரமும் மிச்சமாகியிருக்கும்.

விசைப்பலகையில் விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்துங்கள். சிறிய பெட்டி திறக்கும். அதில் எம், எம், எஸ், ஒய், எஸ், புள்ளி, சி, பி, எல் என்ற எழுத்துகளை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். பழைய சவுண்ட் சாளரம் வரும். விண்டோஸ் 11இன் புதிய செட்டிங்ஸ் பக்கத்தைவிட இதில் எல்லாம் ஒரே இடத்தில் தெரிவதால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

ப்ளேபேக் என்ற முதல் பக்கத்தில் ஒலிக் கருவிகள் வரிசையாக இருக்கும். காலியான இடத்தில் வலது கிளிக் செய்து, ஷோ டிஸேபிள்டு டிவைசஸ், ஷோ டிஸ்கனெக்டட் டிவைசஸ் இரண்டையும் டிக் செய்யுங்கள். ஒளிந்திருப்பவை வெளியே வரும்.

உங்களுக்கு வேண்டியது டிவியின் பெயரோடு, என்விடியா ஹை டெஃபனிஷன் ஆடியோ என்றோ, ஏஎம்டி ஹை டெஃபனிஷன் ஆடியோ என்றோ, இன்டெல் டிஸ்பிளே ஆடியோ என்றோ போட்டிருக்கும் வரி. ரியல்டெக் டிஜிட்டல் அவுட்புட் என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். டிஜிட்டல் என்ற சொல்லைப் பார்த்ததும் எச்டிஎம்ஐ அதுதான் என்று நானும் நினைத்தேன். அது மதர்போர்டின் ஆப்டிகல் துளைக்கானது. டிவிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

டிவியின் வரி மங்கலாக இருந்தால் வலது கிளிக் செய்து எனேபிள் கொடுங்கள். பிறகு அதையே தேர்ந்து செட் டிஃபால்ட் என்பதை அழுத்துங்கள். இப்போது ஒரு பாட்டை ஓடவிட்டு இந்தச் சாளரத்தையே பாருங்கள். ஒவ்வொரு கருவிக்கும் வலது ஓரத்தில் செங்குத்தாக ஒரு சின்ன அளவுகோல் இருக்கும். ஒலி போகும் கருவியில் அது பச்சையாக ஏறி இறங்கும்.

டிவி வரியில் பச்சைக் கோடு துள்ளுகிறது, ஆனால் சத்தம் இல்லை என்றால், விண்டோஸ் தன் வேலையைச் செய்கிறது. கோளாறு அதற்கு அப்பால், ஒலியின் வடிவத்திலோ கேபிளிலோ டிவியிலோ இருக்கிறது. நேராக ஆறாவது படிக்குப் போங்கள்.

பச்சைக் கோடு வேறு வரியில் துள்ளுகிறது என்றால், அந்த மென்பொருள் ஒலியை வேறெங்கோ அனுப்புகிறது. விண்டோஸ் 11இல் டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை வலது கிளிக் செய்து வால்யூம் மிக்ஸரைத் திறந்து, விண்டோஸ் 10இல் செட்டிங்ஸின் சவுண்ட் பக்கத்தில் ஆப் வால்யூம் அண்ட் டிவைஸ் ப்ரிஃபரன்சஸைத் திறந்து, அந்த மென்பொருளுக்கு எந்த வெளியீடு என்று பாருங்கள். பிரவுசரையும் விஎல்சி என்ற வீடியோ ப்ளேயரையும் ஒருமுறை மூடித் திறந்தால்தான் சில நேரம் புதிய கருவியைப் பிடித்துக்கொள்ளும்.

எங்குமே பச்சை இல்லையென்றால் பாட்டே ஓடவில்லை, அல்லது விண்டோஸின் ஆடியோ சேவை நின்றுபோயிருக்கிறது. கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து போடுவது இதற்குச் சமம் இல்லை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் ஷட்டவுன் பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

டிவியின் வரியே பட்டியலில் இல்லையென்றால் அடுத்த படி உங்களுக்குத்தான்.

5. டிரைவர்

புதிதாகப் போட்ட விண்டோஸ், கிராபிக்ஸ் கார்டுக்குத் தற்காலிகமான ஒரு டிரைவரைக் கொண்டு படத்தைக் காட்டிவிடும். எச்டிஎம்ஐ ஒலிக்கு அது போதாது. வீட்டில் அசெம்பிள் செய்த கணினிகளில் இந்தக் கோளாறு அதிகம் வருவதற்கு இதுதான் காரணம். கடையில் தயாராக வாங்கும் கணினிகளில் இதை முன்பே செய்து தந்துவிடுகிறார்கள்.

டிரைவரை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகியவற்றின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இலவசம்தான். டிரைவர் அப்டேட்டர் என்று பெயர் போட்டுக்கொண்டு பணம் கேட்கும் மென்பொருள்கள் எதையும் நிறுவாதீர்கள், எதற்கும் தேவையில்லை. பல நூறு எம்பி இருக்கும் என்பதால் வீட்டு வைஃபையில் இறக்குங்கள்.

நிறுவும்போது கஸ்டம் என்ற வழியில் போனால் பாகங்களின் பட்டியல் வரும். என்விடியாவில் எச்டி ஆடியோ டிரைவர் என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். வேகமாக முடியட்டும் என்று அந்த டிக்கை எடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். நிறுவும்போது டிவி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும், கேபிள் செருகியிருக்க வேண்டும். முடிந்ததும் ரீஸ்டார்ட்.

அதற்கும் வரவில்லையென்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ் என்ற பகுதியைப் பாருங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் அந்தக் கருவியை அன்இன்ஸ்டால் செய்து, மேலே ஆக்‌ஷன் மெனுவில் ஸ்கேன் ஃபார் ஹார்ட்வேர் சேஞ்சஸ் கொடுங்கள்.

பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டின் அமைப்புத் திரையில்) கை வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மதர்போர்டு ஒலி எதற்கு என்று எச்டி ஆடியோ கன்ட்ரோலரை டிஸேபிள் செய்திருந்தால், இன்டெல் உள்ளமைந்த கிராபிக்ஸில் டிவியை ஓட்டுபவர்களுக்கு எச்டிஎம்ஐ ஒலியும் சேர்ந்தே போய்விடும். பெரும்பாலான இன்டெல் போர்டுகளில் இரண்டும் ஒரே கன்ட்ரோலர் வழியாகத்தான் போகின்றன. தனி கார்டு இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, கார்டுக்குள்ளேயே ஒலிக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது.

6. பாட்டு கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை

இரண்டாவது வாரம் எனக்கு ஒருவழியாகச் சத்தம் வந்தது. ஹாலில் அம்மாவுக்கு ஒரு படம் போட்டுவிட்டு உள்ளே போனேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். "பாட்டெல்லாம் கணீர்னு கேக்குதுப்பா, ஆனா பேசறது மட்டும் கெணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு, பாரு." எனக்கு அவர் வயதின் மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது. உட்கார்ந்து கேட்டபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் சொன்னதே சரியான நோய்க்குறி.

படங்களின் 5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பேஸ் ஸ்பீக்கரும் கொண்ட அமைப்பு) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாகப் பதிவாகியிருக்கும். விண்டோஸில் 5.1 என்று அமைத்துவிட்டு இரண்டே ஸ்பீக்கர் உள்ள டிவிக்கு அனுப்பினால், நடு ஸ்பீக்கருக்கான ஒலி போக இடமில்லாமல் தொலைந்துபோகும். இசையும் பின்னணிச் சத்தமும் இரு பக்கங்களிலும் இருப்பதால் அவை மட்டும் கேட்கும். கேபினெட்டின் பச்சை நிற ஆடியோ துளையிலிருந்து ஒரே கம்பியில் ஒலி எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். பச்சைத் துளையில் முன் இடது, முன் வலது மட்டுமே வரும்.

சரிசெய்வது ஒரு நிமிட வேலை. நாலாவது படியில் சொன்ன அதே சாளரத்தில் டிவியின் வரியைத் தேர்ந்து, கீழே கான்ஃபிகர் என்பதை அழுத்தி, ஸ்டீரியோ என்று வையுங்கள். அப்போது விண்டோஸ் நடு ஸ்பீக்கரின் ஒலியை இரு பக்கங்களிலும் கலந்து தரும்.

அடுத்து அதே வரியில் ப்ராப்பர்ட்டீஸ், அதில் அட்வான்ஸ்டு பக்கம். டிஃபால்ட் ஃபார்மட்டில் 16 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்பதை வையுங்கள். பக்கத்தில் டிவிடி குவாலிட்டி என்று போட்டிருக்கும். பெரிய எண் நல்ல ஒலி தரும் என்று 192000 வைப்பவர்கள் உண்டு. பச்சைக் கோடு துள்ளியும் டிவி ஊமையாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டிவிகள் பொதுவாக 32000, 44100, 48000 மூன்றையும் வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் டிவிக்கு டிவி மாறும்.

அதே இடத்தில் என்ஹான்ஸ்மென்ட்ஸ், ஸ்பேஷியல் சவுண்ட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். எல்லாம் சரியான பிறகு வேண்டுமானால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம்.

விஎல்சியில் மட்டும் சத்தம் இல்லையென்றால், அதன் ஆடியோ அமைப்பில் பாஸ்த்ரூ இயங்குகிறதா என்று பாருங்கள். பாஸ்த்ரூ என்றால் டால்பி, டிடிஎஸ் என்ற சுருக்கிய வடிவங்களில் உள்ள ஒலியைக் கணினி பிரிக்காமல் அப்படியே டிவியிடம் கொடுத்துவிடும். டிடிஎஸ்ஸைப் பிரிக்கத் தெரியாத டிவிகள் நிறைய இருக்கின்றன. அணைத்துவிட்டால் விஎல்சியே பிரித்துத் தரும்.

7. சத்தம் வெட்டுகிறது, பேச்சு முந்துகிறது

ஒவ்வொரு முறை பாட்டுத் தொடங்கும்போதும் முதல் ஒரு நொடி மட்டும் கேட்காமல் போகிறதா? ஒலி இல்லாத நேரத்தில் எச்டிஎம்ஐ ஒலிப்பாதை தூங்கிவிடுகிறது, திரும்ப எழ ஒரு நொடி எடுக்கிறது. கருவி கெடவில்லை. பின்னணியில் ஒலியற்ற கோப்பு ஒன்றைச் சுழற்சியில் ஓடவிட்டால் இது நிற்கும். நான் அப்படியே பழகிக்கொண்டேன்.

படமும் சத்தமும் சேர்ந்தே விட்டு விட்டு வந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். 4கே, 60 ஹெர்ட்ஸ் படத்துக்கு நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும் கேபிள் வேண்டும். அட்டையில் பிரீமியம் ஹை ஸ்பீட் என்று இருக்க வேண்டும். படத்தின் அளவை 1080க்கு இறக்கியதும் வெட்டு நின்றுவிட்டால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி.

உதட்டசைவுக்கு முன்பே பேச்சு வந்துவிடுகிறது என்றால், பெரும்பாலும் ஒலியைக் கணினியிலிருந்து நேராகத் தனி ஸ்பீக்கருக்கு எடுத்திருப்பீர்கள். டிவி படத்தை மெருகேற்றிக் காட்ட எடுத்துக்கொள்ளும் நேரத்தால் படம் பின்தங்குகிறது. டிவியில் கேம் மோடு போடுங்கள், பெரும்பகுதி சரியாகும். மிச்சம் இருந்தால் விஎல்சியில் கே விசையை அழுத்துங்கள். ஒரு முறைக்கு 50 மில்லி நொடி பேச்சு பின்னால் போகும். ஜே விசை முன்னால் கொண்டுவரும்.

8. உர்ர் என்ற இரைச்சலும் எர்த்தும்

இது ஒலியோடு நிற்காமல் உயிர் சம்பந்தப்பட்டதும் ஆவதால் நிதானமாகப் படியுங்கள்.

எச்டிஎம்ஐயில் ஒலி எண்களாகப் போவதால் கேபிளில் இரைச்சல் சேராது. பச்சைத் துளையிலிருந்து 3.5 மிமீ கம்பியில் டிவிக்கோ ஆம்ப்ளிஃபயருக்கோ கொடுத்தால்தான் இடைவிடாத உர்ர் வரும். கணினியும் டிவியும் இரண்டு வேறு வழிகளில் எர்த்தைத் தொடுவதால் கம்பியில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடுவதே இதற்கு வழக்கமான காரணம். தெருவிலிருந்து வரும் கேபிள் டிவி வயரை செட்டாப் பாக்ஸிலிருந்து ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் வழி தெரிந்துவிட்டது. கணினி, டிவி, செட்டாப் பாக்ஸ் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். போதவில்லையென்றால் கம்பிக்கு நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றைப் போடுங்கள். நான் 350 ரூபாய்க்கு வாங்கினேன்.

இரைச்சலை நிறுத்தக் கணினி பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்வார்கள், மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகச் சொல்வார்கள். செய்யவே செய்யாதீர்கள்.

கேபினெட்டின் பின்பக்கத் திருகைத் தொட்டால் விரலில் லேசாகச் சுருசுருவென்று இருக்கிறதா? எங்கள் வீட்டில் இருந்தது. செருப்பில்லாமல் மொசைக் தரையில் நின்று தொட்டால் நன்றாகவே தெரிந்தது. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்குக் கடத்துகின்றன. சுவர் பிளக்கில் எர்த் இணைப்பு இல்லையென்றால் அது போக இடமில்லாமல் கேபினெட்டின் உலோகத்தில் தங்கிவிடும். 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அங்கே நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்றாலும், அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் டிவியின் போர்ட் எரிந்துபோக வாய்ப்பு உண்டு. மூன்றாவது படியில் பிளக்கை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பழைய வீடுகளில் பிளக்கில் மூன்று துளை இருக்கும், உள்ளே எர்த் வயர் இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக் பாயிண்டில் எர்த் வருகிறதா என்று சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு எலெக்ட்ரீஷியன் கூலியும் வயரும் சேர்ந்து 900 ரூபாய் ஆனது, அரை நாளில் முடிந்தது. நீங்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

9. சவுண்ட்பார் வைத்திருந்தால்

ஏஆர்சி என்பது டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு ஒலி போகும் பாதை. கணினியில் ஏஆர்சி கிடையாது. அதனால் டிவியில் ஏஆர்சி என்று எழுதிய போர்ட்டை சவுண்ட்பாருக்கு விட்டுவிட்டு, கணினியை வேறு போர்ட்டில் செருகுங்கள். சாதாரண ஏஆர்சியிலும் ஆப்டிகலிலும் சுருக்காத 5.1 ஒலி போகாது, ஸ்டீரியோவோ சுருக்கப்பட்ட டால்பியோதான் போகும். இஏஆர்சி என்று எழுதியிருந்தால் முழு 5.1உம் போகும். அதற்கு டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் இஏஆர்சி இருக்க வேண்டும்.

10. லினக்ஸில்

சவுண்ட் அமைப்பில் டிஜிட்டல் ஸ்டீரியோ எச்டிஎம்ஐ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது தெரியவில்லையென்றால் பாவுகன்ட்ரோல் என்ற சிறு மென்பொருளை நிறுவி, கான்ஃபிகரேஷன் பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டின் ப்ரொஃபைலை மாற்றுங்கள். ஒரே கார்டுக்கு எச்டிஎம்ஐ, எச்டிஎம்ஐ 2, எச்டிஎம்ஐ 3 என்று பல இருக்கும், ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்புறமும் அமைதி என்றால் டெர்மினலில் அல்சாமிக்ஸரைத் திறந்து, எஃப் 6 அழுத்திக் கார்டைத் தேர்ந்து, எம்எம் என்று காட்டும் கட்டங்களில் எம் விசையை அழுத்துங்கள். எம்எம் என்றால் மியூட்.

11. கடைக்குப் போகும் முன்

இவ்வளவுக்குப் பிறகும் வரவில்லையென்றால் கார்டையோ டிவியையோ சந்தேகிக்கலாம். எது என்று தெரிந்துகொண்டு போங்கள். இல்லையென்றால் கார்டு கடையில் டிவி என்பார்கள், டிவிக்காரர் கார்டு என்பார். தெரிந்தவர் வீட்டு லேப்டாப்பை அதே கேபிளில் உங்கள் டிவியில் செருகுங்கள். சத்தம் வந்தால் டிவி நல்லது. உங்கள் கணினியை வேறொரு டிவியில் செருகுங்கள். அங்கேயும் சத்தம் வராவிட்டால் கார்டு. இரண்டு சோதனையையும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கோடு துள்ளுவதும் டிவி ஊமையாக இருப்பதும் ஒரே காட்சியில் தெரியட்டும்.

கொண்டுபோக வேண்டியவை: ஜிஎஸ்டி எண் உள்ள பில், கார்டின் அட்டைப்பெட்டி, சீரியல் எண் லேபிள் கிழியாமல் இருக்கும் கார்டு, அந்த வீடியோ. கையால் எழுதிய எஸ்டிமேட் தாளைப் பில்லாக ஏற்க மாட்டார்கள். வாங்கும்போதே சரியான பில்லைக் கேட்டு வாங்குங்கள், வரியோடு கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை. கிராபிக்ஸ் கார்டுக்கும் மதர்போர்டுக்கும் பொதுவாக மூன்று ஆண்டு வாரண்டி இருக்கும், டிவிக்கு ஓராண்டு. கொடுக்கும்போது, பெற்றுக்கொண்டதற்கான சீட்டில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லி வாங்குங்கள். திரும்பி வருவது உங்கள் கார்டுதானா என்று அதை வைத்துத்தான் பார்க்க முடியும். ரிச்சி தெருவுக்குப் போவதாக இருந்தால் வார நாளில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வாரண்டி இருந்தும் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், கட்டணம் இல்லை.

கோளாறு தீரும் வரை சத்தம் வேண்டுமே என்றால், யூஎஸ்பி சவுண்ட் கார்டு என்று விரல் அளவில் ஒன்று கிடைக்கும். நான் 250 ரூபாய்க்கு வாங்கினேன். கணினியில் செருகி, அதிலிருந்து ஒரு 3.5 மிமீ கம்பியைப் பழைய ஸ்பீக்கருக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அம்மாவின் படம் ஒருநாள்கூட நிற்கவில்லை.